பறக்காத நாள்களின் கணக்கு

நான் பணியாற்றிய விமான நிறுவனம் தன் சேவையை நிறுத்தியபோது என் விமானி உரிமம் செல்லுபடியாகத்தான் இருந்தது. அதில் என் புகைப்படமும் அரசின் முத்திரையும் இருந்தன. காலாவதியாக இன்னும் சில ஆண்டுகள் மிச்சம் இருந்தன. ஆயினும் அடுத்த மூன்று மாதங்கள் முடிந்தபோது, பயணிகளை ஏற்றிச் செல்லும் தகுதி எனக்கு இல்லாமல் போயிற்று. ஆறு மாதங்கள் முடிந்தபோது, பதினோரு ஆண்டுகள் நான் ஓட்டிய ஏடிஆர் 72 ரக விமானத்தின் இருக்கையில் சட்டப்படி அமர முடியாதவனாகிவிட்டேன். மீண்டும் ஒரு வேலை கிடைப்பதற்கு மொத்தம் பதினான்கு மாதங்கள் ஆயின.

அந்தப் பதினான்கு மாதங்களில் உறவினர்களும் நண்பர்களும் என்னிடம் அடிக்கடி கேட்ட கேள்வி ஒன்று உண்டு. 'லைசென்ஸ்தான் கையில் இருக்கிறதே, வேறு நிறுவனத்தில் சேர்ந்துவிட வேண்டியதுதானே?' என்பார்கள். கார் ஓட்டும் உரிமத்தை மனத்தில் வைத்துக் கேட்கப்படும் கேள்வி அது. ஒருமுறை வாங்கிவிட்டால் பத்தாண்டு காரைத் தொடாமல் இருந்தாலும் அந்த உரிமம் செல்லும். விமானியின் நிலை அப்படிப்பட்டதன்று. ஒரு விமான நிறுவனம் மூடப்படும்போது செய்தித்தாள்களில் ரத்தான பயணச்சீட்டுகளைப் பற்றியும், வங்கிக் கடனைப் பற்றியும், சம்பள பாக்கியைப் பற்றியும் படிக்கிறோம். அதே வேளையில் சத்தமில்லாமல் காலாவதியாகும் நூற்றுக்கணக்கான விமானிகளின் தகுதிகளைப் பற்றிப் பெரும்பாலும் படிப்பதில்லை. அதைப் பற்றி எழுத வேண்டும் என்று நெடுநாளாக எண்ணியிருந்தேன்.

முதலில் உரிமத்துக்கும் ரேட்டிங்குக்கும் உள்ள வேறுபாட்டைச் சொல்லிவிட வேண்டும். இந்தியாவில் வணிக விமானி உரிமம் பெறக் குறைந்தது 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். பெரிய விமானங்களில் தலைமை விமானியாக அமர்வதற்கான உயர்நிலை உரிமத்துக்கு 1,500 மணி நேரம் தேவை. இந்த உரிமங்களின் செல்லுபடிக் காலம் முன்பு ஐந்து ஆண்டுகளாக இருந்தது. 2023 அக்டோபரில் வெளியான விதித் திருத்தம் அதைப் பத்து ஆண்டுகளாக உயர்த்தியது. வரவேற்கத்தக்க மாற்றம்தான். ஆனால், உரிமம் என்பது ஒரு கட்டடத்தின் அடித்தளம் போன்றது. அதன்மேல் எழுப்பப்படும் அறைகளே ரேட்டிங் எனப்படும் தனித்தனித் தகுதிகள். அடித்தளம் பத்தாண்டு நிற்கும். அறைகளையோ ஆண்டுக்கு ஆண்டு, சிலவற்றை மாதக் கணக்கில், செப்பனிட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

அவற்றுள் முதலாவது, விமான ரகத்துக்கான தகுதி. ஏர்பஸ் ஏ320 ஓட்டுபவர் மறுநாள் போயிங் 737-இல் ஏறி அமர்ந்துவிட முடியாது. ஏர்பஸ் விமானத்தில் விமானியின் கைக்குப் பக்கத்தில் ஒரு சிறு கைப்பிடி இருக்கும்; அவருடைய அசைவைக் கணினி வாங்கி இறக்கைகளுக்கு அனுப்பும். போயிங் 737-இல் முழங்கால்களுக்கு நடுவே பெரிய திருகுசக்கரம் இருக்கும். ஏடிஆரோ விசிறிகள் சுழன்று இழுக்கும் டர்போபிராப் விமானம். ஒவ்வொன்றின் மின்சாரம், எரிபொருள், ஹைட்ராலிக் அமைப்புகளும் வேறு. ஒன்று பழுதானால் செய்ய வேண்டியவையும் வேறு. ஆகவே ஒவ்வொரு ரகத்துக்கும் வகுப்பறைப் பாடம், சிமுலேட்டர் பயிற்சி, தேர்வு என்று தனிப் படிப்பு உண்டு. அதற்குப் பல லட்சம் ரூபாய் செலவாகும்.

இரண்டாவது, கருவிகளை மட்டும் நம்பிப் பறப்பதற்கான தகுதி. மேகத்துக்குள் நுழைந்ததும் விமானிக்கு வானமும் இல்லை, பூமியும் இல்லை. உட்காதில் உள்ள சமநிலை உறுப்பு அப்போது பொய் சொல்லத் தொடங்கும். விமானம் ஒரு பக்கம் சாய்ந்திருக்கையில் நேராகப் போவதாகத் தோன்றும். வேகம் கூடும்போது மூக்கு மேலெழுவதாகத் தோன்றும். உடல் சொல்வதை ஒதுக்கிவிட்டுக் கருவிகள் சொல்வதை நம்புவது இயல்பாக வருவதன்று. பழக்கிப் பழக்கி வரவழைக்க வேண்டியது. பயணிகள் விமானம் ஏறத்தாழ எப்போதும் கருவிவழி விதிகளின்படியே பறக்கிறது என்பதால், இந்தத் தகுதி இல்லாத விமானியால் விமான நிறுவனத்துக்குப் பயன் இல்லை. இதை ஆண்டுதோறும் தேர்வு எழுப்பிப் புதுப்பிக்க வேண்டும்.

இவற்றுக்கு மேலே, அண்மைப் பழக்கம் என்ற நிபந்தனை இருக்கிறது. சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு வகுத்துள்ள தரத்தின்படி, கடந்த 90 நாள்களுக்குள் அதே ரக விமானத்திலோ அங்கீகரிக்கப்பட்ட சிமுலேட்டரிலோ மூன்று முறையாவது மேலெழுந்து, மூன்று முறையாவது தரையிறங்கியிருக்க வேண்டும். பணியில் இருப்பவருக்கு இது ஒரு பொருட்டே அன்று. இரண்டு நாள் வேலையில் முடிந்துவிடும். வேலை இழந்தவருக்கோ இதுதான் முதலில் நின்றுபோகும் கடிகாரம்.

அடுத்தது திறன் சரிபார்ப்புத் தேர்வு. ஆண்டுக்கு இரு முறை சிமுலேட்டரில் அமர்த்திச் சோதிப்பார்கள். விமானம் ஓடுபாதையை விட்டு எழும் நொடியில் ஓர் இன்ஜினை அணைத்துவிடுவார்கள். தீ எச்சரிக்கை ஒலிக்கும். ஒற்றை இன்ஜினோடு மேகத்தின் ஊடாக இறங்கி வர வேண்டும். ஓடுபாதை கண்ணுக்குத் தெரியாவிட்டால், அதே ஒற்றை இன்ஜினோடு மீண்டும் மேலெழ வேண்டும். முப்பது ஆண்டு அனுபவம் உள்ளவரும் இந்தத் தேர்வின் முந்தைய இரவில் புத்தகத்தைப் புரட்டாமல் உறங்குவதில்லை.

இவை தவிர, முதல் வகுப்பு மருத்துவச் சான்று. பார்வை, செவித்திறன், இதயம், ரத்தம் என அனைத்தையும் சோதித்துத் தரப்படும் இதைப் பொதுவாக ஆண்டுக்கு ஒருமுறையும், அறுபது வயதுக்குப் பின் ஆறு மாதத்துக்கு ஒருமுறையும் புதுப்பிக்க வேண்டும். வானொலித் தொடர்புக்கான ஆங்கிலத் திறனுக்கும் காலக்கெடு உண்டு: நான்காம் நிலை பெற்றவர் மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறையும், ஐந்தாம் நிலை பெற்றவர் ஆறு ஆண்டுகளுக்கு ஒருமுறையும் மீண்டும் தேர்வு எழுத வேண்டும், ஆறாம் நிலைக்கு மட்டுமே விலக்கு.

இத்தனை நிபந்தனைகளும் அதிகாரிகளின் கெடுபிடி என்று எண்ணிவிடக் கூடாது. விதிகளைத் தளர்த்துங்கள் என்று கேட்பதற்காக இதை நான் எழுதவில்லை. சாதகம் செய்யாத வித்வானின் கச்சேரி எப்படி இருக்கும் என்பதை நம் ஊர் ரசிகர் அறிவார். ராகம் அவருக்கு மறந்திருக்காது. ஆனால், விரல் அரை நொடி தாமதிக்கும். கச்சேரியில் அந்த அரை நொடியை ரசிகர் மன்னித்துவிடுவார். ஓடுபாதைக்கு ஐம்பது அடி உயரத்தில் அதற்கு மன்னிப்பு இல்லை.

இதில் வியப்பான செய்தி ஒன்று உண்டு. 2014-இல் அமெரிக்காவின் நாசா ஆய்வாளர் ஸ்டீபன் கேஸ்னரும் அவர் குழுவினரும் 16 விமானிகளைப் போயிங் 747 சிமுலேட்டரில் அமர்த்தி, தானியங்கி வசதிகளை ஒவ்வொன்றாக நிறுத்திவிட்டுச் சோதித்தார்கள். கருவிகளைப் பார்த்துக் கைகளால் விமானத்தைக் கட்டுப்படுத்தும் திறன், அவர்கள் அதை அதிகம் பயன்படுத்தாமல் இருந்தபோதிலும், பெரிதும் அப்படியே இருந்தது. தேய்ந்திருந்தது சிந்தனைத் திறன்: வரைபடத் திரை இல்லாமல் தாம் எங்கே இருக்கிறோம் என்று மனத்தில் கணக்கிடுவது, அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று முன்கூட்டி நினைப்பது, பழுதை இனங்காண்பது ஆகியவை. கை நினைவில் வைத்திருப்பதை மனம் மறந்துவிடுகிறது. ஆபத்து என்னவென்றால், கை சரியாக இருப்பதால் மனமும் சரியாக இருப்பதாக விமானி நம்பிவிடுவார்.

கொள்ளை நோய்க் காலத்தில் உலகம் முழுவதும் விமானிகள் மாதக்கணக்கில் வீட்டில் இருந்தார்கள். 2020 செப்டம்பரில் இந்தோனேசியாவின் மேடான் நகரில் 307 பயணிகளுடன் தரையிறங்கிய ஏர்பஸ் ஏ330 விமானம் ஒன்று ஓடுபாதையை விட்டு விலகியது. அதன் தலைமை விமானி முந்தைய 90 நாள்களில் மூன்று மணி நேரத்துக்கும் குறைவாகவே பறந்திருந்தார் என்பதும், துணை விமானி பிப்ரவரி தொடக்கத்துக்குப் பின் பறக்கவே இல்லை என்பதும் விசாரணையில் வெளிவந்தன. ஒரு நிகழ்வை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாதுதான். ஆயினும் விசாரணை அதிகாரிகள் முதலில் புரட்டிப் பார்த்த ஏடுகளில் பறக்காத நாள்களின் கணக்கும் இருந்தது என்பதை மறக்கக் கூடாது.

என் சொந்த அனுபவமும் அதையே சொல்கிறது. எட்டு மாத இடைவெளிக்குப் பிறகு கைப்பணம் செலவழித்து ஒரு சிமுலேட்டரில் அமர்ந்தேன். ஓடுபாதையில் இன்ஜினை அணைத்தார்கள்; கால் தானாகவே உரிய பெடலை மிதித்தது. 'பரவாயில்லை, எதையும் மறக்கவில்லை' என்று மகிழ்ந்தேன். அடுத்த பத்தாவது நிமிடத்தில், வானில் வட்டமிட்டுக் காத்திருக்கும் சுற்றுப்பாதைக்குள் எந்தப் பக்கமாக நுழைவது என்பதில் தடுமாறினேன். மாணவப் பருவத்தில் கற்ற பாடம் அது. தவறான பக்கம் திரும்பினேன். பக்கத்தில் இருந்த தேர்வாளர் ஒன்றும் சொல்லவில்லை. குறிப்பேட்டில் ஏதோ எழுதிக்கொண்டார். உண்மையான வானமாக இருந்திருந்தால் கட்டுப்பாட்டு அறையிலிருந்து வேறு விதமான குரல் கேட்டிருக்கும். அன்றைக்குப் பின் விதிகளைப் பற்றி நான் குறைசொன்னதில்லை.

மற்ற நாடுகள் இதை எப்படிக் கையாளுகின்றன? ஐரோப்பிய விதிகளின்படி, ரகத் தகுதிக்கும் கருவிவழித் தகுதிக்கும் ஓராண்டுதான் ஆயுள். காலாவதியாவதற்கு முந்தைய மூன்று மாதங்களுக்குள் தேர்வு எழுதினால் பழைய தேதியிலிருந்தே அடுத்த ஆண்டு தொடங்கும். அதாவது, முன்கூட்டியே எழுதுபவருக்கு நாள் நட்டமில்லை. காலாவதியாகிவிட்டால், எவ்வளவு மறுபயிற்சி தேவை என்பதை அங்கீகாரம் பெற்ற பயிற்சி நிறுவனம் அந்த விமானியின் அனுபவத்தைப் பார்த்து முடிவு செய்கிறது. அமெரிக்காவில் கருவிவழித் தகுதி காலாவதியாவதே இல்லை. ஆனால், கடந்த ஆறு மாதங்களில் ஆறு முறை கருவிவழி அணுகுமுறைகளை நிகழ்த்தியிருக்க வேண்டும். தவறினால் அடுத்த ஆறு மாதங்களுக்குள் பழகி மீட்டுக்கொள்ளலாம். அதையும் தவறவிட்டால் உரிய பயிற்றுநரிடமோ தேர்வாளரிடமோ திறனை நிரூபித்த பிறகே மேகத்துக்குள் நுழையலாம். வழிகள் வேறாயினும் எல்லா நாடுகளும் கேட்பது ஒன்றைத்தான்: நேற்று நீ யாராக இருந்தாய் என்பதை விடு, இன்று உன்னால் முடியுமா?

கேள்வி நியாயமானது. அதற்கு விடை சொல்லும் செலவை யார் ஏற்பது என்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது. பணியில் இருக்கும்வரை சிமுலேட்டர், தேர்வாளர், தேதி நினைவூட்டல் எல்லாம் நிறுவனத்தின் பொறுப்பு. விமானி நேரத்துக்குப் போய் அமர்ந்தால் போதும். வேலை போன அன்று அத்தனையும் ஒரே நாளில் அவர் தலையில் இறங்குகின்றன. சம்பளம் நின்ற மாதத்தில்தான் செலவு தொடங்குகிறது. பெரிய விமான சிமுலேட்டருக்கு ஒரு மணி நேரக் கட்டணமே பல பத்தாயிரம் ரூபாய். தேர்வாளருக்கான கட்டணம், பயணம், தங்குமிடம் தனி.

பணம் இருந்தாலும் போதாது. பயணிகள் விமானம் இருவர் ஓட்டுவது. ஆகவே சிமுலேட்டரிலும் பக்கத்து இருக்கைக்கு ஒருவர் வேண்டும். அவரும் அதே ரகத்தில் பயிற்சி தேவைப்படுபவராக, அதே நாளில் வரக்கூடியவராக, பாதிச் செலவை ஏற்பவராக இருக்க வேண்டும். சிமுலேட்டர் மையங்களோ முதலில் விமான நிறுவனங்களின் முன்பதிவுகளைக் கவனிக்கும்; தனி ஆளுக்குக் கிடைப்பது பெரும்பாலும் நள்ளிரவுக்கும் விடியலுக்கும் இடைப்பட்ட நேரம். என்னோடு பணிபுரிந்த இளைஞர் ஒருவரும் நானும் அதிகாலை இரண்டு மணிக்கு அப்படித்தான் அமர்ந்தோம். அவர் தம் மனைவியின் நகையை அடகு வைத்து வந்திருந்தார் என்பதைத் திரும்பும் ரயிலில்தான் சொன்னார். 'சார், இதை விட்டுவிட்டால் அப்புறம் பிடிக்கவே முடியாது, அதனால்தான்' என்றார்.

இன்னொரு தடை காகிதத்தில் இருந்தது. புதிதாகச் சேர்க்கும் நிறுவனம் பழைய பயிற்சிக் கோப்பைக் கேட்கும்: எந்தத் தேதியில் என்ன தேர்வு, எதில் என்ன குறிப்பு என்ற முழு வரலாறு. எங்கள் நிறுவனத்தின் அலுவலகம் பூட்டப்பட்டுவிட்டது; பயிற்சிப் பிரிவில் இருந்தவர்களும் வேலை தேடி ஆளுக்கொரு திசையில் போய்விட்டார்கள். என் வாழ்வின் பதினோரு ஆண்டுச் சான்றுகளை அந்தப் பூட்டிய அறையிலிருந்து பெறப் பல வாரங்கள் அலைந்தேன். நகல்களை அவ்வப்போது வாங்கி வைக்காதது என் தவறுதான். ஆனால், பணியில் இருக்கும்போது எவரும் அதை நினைப்பதில்லை.

இது ஏதோ ஓரிருவரின் துயரக் கதை என்று ஒதுக்கிவிட முடியாது. 2012 அக்டோபரில் கிங்ஃபிஷர் ஏர்லைன்ஸ் பறப்பதை நிறுத்தியது. 2019 ஏப்ரல் 17-ஆம் தேதி ஜெட் ஏர்வேஸின் கடைசி விமானம் அமிருதசரஸிலிருந்து மும்பைக்குப் பறந்தது. 2023 மே மாதத் தொடக்கத்தில் கோ ஃபர்ஸ்ட் திவால் மனு அளித்துச் சேவையை நிறுத்தியது. மீண்டும் பறக்கும் என்ற நம்பிக்கையோடு பின்னவை இரண்டைப் பற்றியும் நீண்ட காலம் பேச்சு நடந்தது. முடிவில் ஜெட் ஏர்வேஸைக் கலைக்க 2024 நவம்பரில் உச்சநீதிமன்றம் உத்தரவிட்டது. கோ ஃபர்ஸ்டைக் கலைக்கும் உத்தரவு 2025 ஜனவரியில் வந்தது. நீதிமன்றக் கடிகாரத்துக்கு ஐந்தாண்டு ஒரு பெரிய காலமன்று. விமானியின் கடிகாரத்திலோ 90 நாள்கள் முடிந்தால் முதல் மணி அடித்துவிடுகிறது. 'இன்னும் ஒரு மாதத்தில் தொடங்கிவிடும்' என்ற சொல்லை நம்பிக் காத்திருந்தவர்களே அதிகம் இழந்தார்கள்.

இதில் எந்த ரகத்துக்குத் தகுதி பெற்றிருக்கிறோம் என்பதும் அதிர்ஷ்டத்தைத் தீர்மானிக்கிறது. கோ ஃபர்ஸ்ட் ஓட்டியது ஏ320 ரகம். நாட்டின் மிகப்பெரிய நிறுவனமும் அதையே ஓட்டுவதால், அதன் விமானிகளுக்குத் தட்டுவதற்கு ஒரு கதவாவது இருந்தது. ஜெட் ஏர்வேஸின் பெரும்பகுதி போயிங் விமானங்கள். நாட்டில் குறைவாக உள்ள ரகத்தை ஓட்டுபவர், தம் பழைய தகுதியை உயிரோடு வைத்திருப்பதா, அந்தப் பணத்தில் புதிய ரகத்தைக் கற்பதா என்று முடிவு செய்தாக வேண்டும். இரண்டையும் செய்யும் வசதி பெரும்பாலோருக்கு இல்லை.

இன்னும் முதல் வேலையே கிடைக்காத இளைஞர்களின் நிலை இதைவிடக் கடினமானது. 2023-இல் மட்டும் இந்தியாவில் 1,622 வணிக விமானி உரிமங்கள் வழங்கப்பட்டன. அரைக் கோடி ரூபாய்க்கு மேல் செலவழித்து, வீட்டை அடமானம் வைத்துப் படித்தவர்கள் அவர்களில் பலர். வேலைக்காகக் காத்திருக்கும் ஒவ்வோர் ஆண்டும் கருவிவழித் தகுதியையும் மருத்துவச் சான்றையும் புதுப்பிக்க அவர்கள் மீண்டும் பணம் கட்டுகிறார்கள். மகப்பேற்றுக்காகவோ நோயினாலோ பணியிலிருந்து விலகி நிற்பவர்களுக்கும் இதே கணக்குதான்.

மறுபுறம் பாருங்கள். 2023-இல் ஏர் இந்தியா 470 விமானங்களுக்கும், இண்டிகோ 500 விமானங்களுக்கும் கொள்முதல் அறிவிப்பு வெளியிட்டன. அவற்றை ஓட்ட அனுபவம் மிக்க தலைமை விமானிகள் தேவை. பல ஆயிரம் மணி நேரம் பறந்த ஒருவரின் தகுதியைச் சில லட்சம் ரூபாயில் காப்பாற்றியிருக்கலாம் என்றபோது, அதைக் காலாவதியாகவிட்டுவிட்டுப் புதிதாக ஒருவரை உருவாக்கக் காத்திருப்பது நாட்டுக்கு இழப்பு அன்றி வேறென்ன?

இங்கே ஒரு முரணைச் சுட்டிக்காட்ட விரும்புகிறேன். டிஜிசிஏ எனப்படும் சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம் 2017 ஆகஸ்டில் ஒரு விதி வகுத்தது. தலைமை விமானி பணி விலக ஓராண்டும், துணை விமானி ஆறு மாதமும் முன்னறிவிப்புத் தர வேண்டும் என்பது அதன் சாரம். ஒரு விமானியை உருவாக்க நெடுங்காலம் ஆகிறது; அவர் திடீரென்று விலகினால் விமானங்கள் ரத்தாகிப் பயணிகள் அவதியுறுவார்கள்; ஆகவே இது பொதுநலன் சார்ந்த விதி என்று சொல்லப்பட்டது. அந்த வாதத்தில் உண்மை இருக்கிறது. ஆனால், விமானியின் திறன் அவ்வளவு அரிய பொதுச் சொத்து என்றால், நிறுவனம் திடீரென்று விலகும்போது அந்தச் சொத்தைக் காக்கும் பொறுப்பும் யாருக்காவது இருக்க வேண்டுமல்லவா? விமானி போவதற்கு ஓராண்டு. நிறுவனம் போவதற்கு ஓர் இரவு. இந்தத் தராசின் ஒரு தட்டில் மட்டுமே எடைக்கல் இருக்கிறது.

இதைச் சரிசெய்யப் பெரிய சட்டங்கள் தேவையில்லை. முதலாவது, பயிற்சிக் கோப்பு விமானிக்குச் சொந்தமாக வேண்டும். டிஜிசிஏ தன் பணிகளை 2021-இல் இணையதளத்துக்கு மாற்றியது. 2025 பிப்ரவரியில் விமானி உரிமத்தையே கைப்பேசியில் காட்டும் மின்னணு ஆவணமாக்கியது. உரிமம் கைப்பேசிக்கு வந்துவிட்டபோது, ஒவ்வொரு தேர்வின் முடிவும் அன்றே அங்கு வந்து சேரத் தடை என்ன? பூட்டிய அலுவலகத்தின் முன் எவரும் காத்திருக்க வேண்டியிராது.

இரண்டாவது, ஆள்குறைப்பு செய்யும் நிறுவனம் ஒவ்வொரு விமானிக்கும் கடைசியாக ஒரு திறன் தேர்வை நடத்திக் கொடுத்துவிட்டு அனுப்ப வேண்டும் என்று விதிக்கலாம். அது அவருக்கு ஆறு மாத அவகாசம் தரும். திடீரென்று முடங்கும் நிறுவனங்களிடம் அதற்குப் பணம் இருக்காது என்பது உண்மை. அதற்காகவே, நல்ல காலத்தில் எல்லா நிறுவனங்களும் விமானி எண்ணிக்கைக்கு ஏற்பச் சிறுதொகை செலுத்தும் பொது நிதி ஒன்று இருக்கலாம். அது சம்பளம் தருவதற்கான நிதியாக இருக்க வேண்டியதில்லை. ஓராண்டுக்குரிய சிமுலேட்டர் கட்டணத்தையும் மருத்துவச் சோதனைக் கட்டணத்தையும் ஏற்றால் போதும். மூன்றாவது, சிமுலேட்டர் மையங்கள் மாதந்தோறும் சில மணி நேரத்தைத் தனி விமானிகளுக்கு ஒதுக்கி, கட்டணத்தை வெளிப்படையாக அறிவிக்க வேண்டும். ஒரே ரகத்தில் துணை தேடுபவர்களை அந்த மையங்களே இணைத்துவிடலாம்.

விமானிகள் நாமும் செய்ய வேண்டியவை உண்டு. வேலை போன முதல் வாரத்திலேயே ஒரு காகிதத்தில் எல்லாத் தகுதிகளின் கடைசித் தேதிகளையும் வரிசையாக எழுத வேண்டும். மருத்துவச் சான்றை எக்காரணம் கொண்டும் காலாவதியாகவிடக் கூடாது. அது இல்லாவிட்டால் மற்றவற்றுக்குப் பொருளில்லை. காலாவதியான பின் மீட்பதைவிடக் கடைசி வாரத்திலாவது புதுப்பிப்பது எப்போதும் மலிவு. எல்லாவற்றையும் காப்பாற்றப் பணம் இல்லையெனில், வேலை எந்த ரகத்தில் கிடைக்குமோ அதைக் காப்பாற்ற வேண்டும். பணியில் இருக்கும் இளையவர்கள், ஓராண்டுத் தகுதிச் செலவுக்கான பணத்தைத் தனிக் கணக்கில் போட்டு வைப்பது நல்லது. நிறுவனம் எவ்வளவு பெரியது என்பது இதில் உத்தரவாதம் ஆகாது.

செலவில்லாத பயிற்சியும் ஒன்று இருக்கிறது. விமானி அறையின் படத்தை உண்மை அளவில் அச்சிட்டு எங்கள் வீட்டுக் கூடத்தின் சுவரில் ஒட்டியிருந்தேன். அதன் எதிரே நாற்காலி போட்டு அமர்ந்து, இன்ஜின் தீப்பற்றினால் எந்தக் கை எங்கே போக வேண்டும் என்று ஒவ்வொரு நாளும் பழகினேன். சரிபார்ப்புப் பட்டியலை என் மனைவி உரக்கப் படிப்பார்; நான் சுவரைத் தொட்டு விடை சொல்வேன். சில மாதங்களில் பட்டியல் அவருக்கு மனப்பாடமாகிவிட்டது. நான் ஒரு வரியைத் தாண்டிவிட்டால், காகிதத்தைப் பார்க்காமலேயே 'ஒன்றை விட்டுவிட்டீர்கள்' என்பார். சிமுலேட்டரில் சுற்றுப்பாதையில் தடுமாறிய பிறகு அதற்கான வரைபடமும் அந்தச் சுவருக்கு வந்தது.

பதினான்காம் மாதத்தில் வேறொரு நிறுவனம் என்னைச் சேர்த்துக்கொண்டது. மறுபயிற்சி, தேர்வு, பயிற்றுநரோடு பறத்தல் எல்லாம் முடிந்து, பயணிகளோடு முதன்முறையாகத் தரையிறங்கிய அன்று லேசான மழை. என்னோடு அடகுக் கடைக்குப் போய்வந்த அந்த இளைஞருக்கும் பின்னர் வேலை கிடைத்தது. எங்களோடு இருந்த இன்னும் சிலர் மீளவில்லை. ஒருவர் நிலத் தரகராக இருக்கிறார். என்னைவிட நல்ல விமானி அவர். அவருடைய உரிமம் இன்னும் செல்லுபடியாகத்தான் இருக்கிறது.

அடுத்த முறை ஒரு விமான நிறுவனம் தரைதட்டும் செய்தி வரும்போது, பயணச்சீட்டுப் பணம் திரும்பக் கிடைக்குமா என்ற கேள்வியோடு வேறொன்றையும் கேட்க வேண்டும்: அதன் விமானிகளின் 90 நாள் கணக்கு இன்றைக்குத் தொடங்கிவிட்டது, அதை யார் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள்? நாளை நாம் ஏறப்போகும் ஏதோ ஒரு விமானத்தின் முன்னிருக்கையில் அவர்களில் ஒருவர் அமர்ந்திருப்பார். அவர் பழக்கம் விடாமல் வந்திருக்கிறார் என்பது அவருக்கு மட்டும் தேவையான செய்தி அன்று.